வீட்டு வரி ரசீது பட்டா ஆகாது

1690ஆம் ஆண்டில், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. கோட்டை மட்டும் அல்ல; கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு தூரத்துக்குட்பட்ட ஊர்களும் கம்பெனிக்கே சொந்தம் என்பது பேரம். நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லையாயிற்று. எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பேர் வந்தது. அந்த ஊர்களில் ஏர் பிடித்தவனையும் நாற்று நட்டவளையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது பழங்கதை என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நிலம் யாருடையது என்பதை அதில் உழைத்தவன் தீர்மானிக்கவில்லை. எல்லை போட்டவனும் ஏட்டில் எழுதியவனுமே தீர்மானித்தார்கள். 1801இல் ஆற்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. பிறகு தென்னாற்காட்டில் ரயத்துவாரி முறை வந்தது. சர்வே நம்பர், விஸ்தீரணம், தீர்வை, தீர்வை கட்ட வேண்டியவனின் பேர்: இவற்றை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத்தான் பட்டா என்று பேர். அதாவது, பட்டா என்பது பிறவியிலேயே ஒரு வரிக் கணக்கு. தீர்வை கட்டியவன் மிராசுதார். அவன் பேர் ஏறிற்று. பண்ணையாளுக்குக் கட்டுவதற்குத் தீர்வையும் இல்லை, ஏட்டில் இடமும் இல்லை.

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் எந்தத் தெருவிலும் போய், "ஆயா, மனைக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்குது தம்பி" என்று சொல்லித் தகரப்பெட்டியைத் திறப்பார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு வெளியே வரும். இருபது, முப்பது வருஷத்து வீட்டு வரி ரசீதுகள், ஒன்று விடாமல். சர்க்காருக்கு ஒரு பைசா பாக்கி இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் அந்தக் கட்டில் ஒரு துண்டுகூட, அவர் காலூன்றி நிற்கிற மண் அவருடையது என்று சொல்லவில்லை.

வீட்டு வரியை வாங்குவது ஊராட்சி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுக்கு, அதாவது கூரைக்கும் சுவருக்கும் வரி. கீழே கிடக்கிற மண்ணின் கணக்கு வருவாய்த்துறையிடம். ஏரிக்கரையில் வீடு இருந்தாலும் ஊராட்சி வரி வாங்கும், மின்சார இணைப்பு வரும், ரேஷன் கார்டு வரும். ஒருநாள் நோட்டீசும் வரும். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், உயர்நீதிமன்ற உத்தரவுகளின்படியும் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இயந்திரம் வந்து நிற்கும். "வரி வாங்கின கையே இடிக்க வருதே!" என்று பெண்கள் கதறுவதைக் கேட்டவர்கள் நம்மில் பலர். வாங்கிய கை வேறு, இடிக்கிற கை வேறு. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கோர்ட்டில் அந்த வாதம் எடுபடாது.

அதற்காக ரசீதை அடுப்பில் போட்டுவிட வேண்டாம். எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு அது சாட்சி. சாட்சி வேறு, உரிமை வேறு.

அப்படியானால் மண்ணின் கணக்கு எங்கே இருக்கிறது? முன்பெல்லாம் கர்ணம் வீட்டில் இருந்தது. கர்ணம் வேலை பரம்பரை வேலை. கணக்குப் பார்க்கச் சேரியிலிருந்து போனவன் அவர் திண்ணையில்கூட உட்கார முடியாது. தெருவில் நின்றபடி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறகு தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இப்போது கணக்கு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. தமிழக அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் சிட்டாவையும், அ-பதிவேட்டையும், புலப்படத்தையும் யாரும் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் போதும். நம் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை கைப்பேசியில் எடுத்துக் காட்டிவிடும். காசு கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும், இதற்கென்று தரகருக்கு ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்துவிட்டு வருகிற தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பட்டாவைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது அ-பதிவேடு. ஏனென்றால், பட்டா தன் சொந்தக்காரனைப் பற்றி மட்டும் பேசும். அ-பதிவேடு ஊர் முழுவதையும் பேசும். ஊரில் எந்தச் சர்வே எண் ரயத்துவாரி, எது சர்க்கார் புறம்போக்கு, எது நஞ்சை, எது புஞ்சை, எது நத்தம், யார் பேரில் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். அதைத் தவறாமல் படிக்க வேண்டும். அளவு ஹெக்டேரிலும் ஏரிலும் இருப்பதால் மிரள வேண்டாம். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். மூன்று சென்ட் மனை என்றால் 1.2 ஏர். வருஷம் பசலியில் இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. சிதம்பரம், கடலூர் நகரங்களுக்குள் ஏடு வேறு. அங்கே நகர நிலஅளவைப் பதிவேடு. வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கேட்க வேண்டும்.

தெரு முழுவதும் நிற்கிற மண் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் போராட்டமே மாறும். நத்தம் என்றிருந்தால் அது மக்கள் குடியிருப்பதற்காகவே விட்ட இடம். நத்தம் பட்டா கேட்க நமக்கு வலுவான ஆதாரம் உண்டு. புறம்போக்கு என்றால், ஆட்சேபகரமற்ற புறம்போக்கா, ஆட்சேபகரமானதா என்று பார்க்க வேண்டும். முதல் வகையில் வரன்முறைப்படுத்திப் பட்டா கேட்கலாம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், பாதை என்றால் அந்த இடத்திலேயே பட்டா கிடைப்பது கடினம். மாற்று மனை கொடுக்காமல் கை வைக்காதே என்றுதான் சண்டை போட வேண்டும். இது தெரியாமல் எல்லா ஊரிலும் ஒரே மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷம் கழித்து "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வாங்குவதில் என்ன பிரயோஜனம்?

மண் தனியார் பேரில் இருந்தால்? பண்ணை நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தவர்கள் கதை இதுதான். கூலி உயர்த்திக் கேட்டால், "என் மனையைக் காலி பண்ணு" என்று பதில் வந்த காலம் உண்டு. 1971ஆம் ஆண்டு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. அன்றைக்குப் பண்ணை மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று அது சொல்லிற்று. இனாம் அல்ல, தானம் அல்ல, சட்டப்படி உரிமை. ஆனால் எத்தனை இடத்தில் அது ஏட்டில் ஏறிற்று? உங்கள் தெருவின் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அன்றைய மிராசுதாரின் பேர், அவர் காலமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

குத்தகை விவசாயிக்கும் இதே கதிதான். சாகுபடி செய்யும் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955இல் சட்டம் வந்தது. குத்தகைதாரர் பேரைப் பதிந்து வைக்க 1969இல் தனிச் சட்டம் வந்தது. பதிந்து கொண்டவர்கள் எத்தனை பேர்? நில உடைமையாளர் முகம் சுளிப்பார் என்று வாய் மொழியிலேயே விட்டவர்கள் அதிகம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, என்.எல்.சி.யின் மண்வாரி இயந்திரங்கள் நெற்பயிரின் மேல் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது என்றது நிர்வாகம். ஏட்டில் நிலம் கைமாறிவிட்டது. வயலில் பயிர் நின்றது. ஏடும் வயலும் ஒன்றுக்கொன்று முரண்படுகிற இடத்தில் ஏடுதான் ஜெயிக்கிறது. 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அங்கே உழைத்துப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று கணக்கில் எடுக்கிறது. நல்ல வாசகம்தான். அங்கே உழைத்தேன் என்பதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே!

பஞ்சமி நிலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று கொடுக்கப்பட்ட நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அவர்களுக்குள்ளேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பழைய குறிப்புகள் பல இடங்களில் புது ஏட்டில் ஏறவில்லை. ஆகவே சந்தேகம் உள்ள சர்வே எண்ணுக்கு இன்றைய ஏடு போதாது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி நகரத்துக்கு வருவோம். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. சிதம்பரமும் நெல்லிக்குப்பமும் நகராட்சிகள். ஆலைத் தொழிலாளி கிரயத்துக்கு வாங்கிய இரண்டு சென்டில் வீடு கட்டியிருப்பான். அவனிடம் பத்திரம் இருக்கும். பத்திரம் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பான். பத்திரம் சார்பதிவாளர் ஆபீசின் கணக்கு. பட்டா தாலுகா கச்சேரியின் கணக்கு. வரி நகராட்சியின் கணக்கு. மூன்றிலும் பேர் மாற வேண்டும். வாங்குவதற்கு முன்பே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். இதையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பத்திரச் செலவு 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதம் குறைவு. இரண்டு லட்ச ரூபாய் மனைக்கு 2,000 ரூபாய் மிச்சம். மனைவி பேரில் எழுத இந்தச் சலுகைக்காக ஒருவன் காத்திருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

சொத்து வரியை 2022 ஏப்ரலில் உயர்த்தினார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும், நகராட்சி, பேரூராட்சிகளிலும் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதம், 1,200 வரை 50 சதம், 1,800 வரை 75 சதம், அதற்கு மேல் 100 சதம் உயர்வு. கடைக் கட்டடத்துக்கு 100 சதம். தொழிற்சாலைக்கும் சுயநிதிக் கல்லூரிக்கும் 75 சதம்! வீட்டு முன்புறத்தில் டீக்கடை வைத்தவனுக்கு இரட்டிப்பு. ஆலை முதலாளிக்கு அதைவிடக் குறைவு. 15வது நிதிக்குழுவின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். மானியம் வேண்டுமானால் வரி வசூல் மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப ஏற வேண்டுமாம். உற்பத்தி ஏறுகிறது, உற்பத்தி செய்தவன் கூலி அந்த அளவுக்கு ஏறிற்றா என்று நிதிக்குழு கேட்கவில்லை.

இதில் தொழிலாளி கவனிக்க வேண்டியது அளவு. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவன் வீடு 600 அடிக்குள் என்றால் 500 ஆகும். ஏட்டில் 610 என்று எழுதியிருந்தால் 600 ஆகும். பத்தடி எழுத்தில் கூடினால் வருஷத்துக்கு 200 ரூபாய் நஷ்டம். ஆகவே டேப்பை எடுத்து வீட்டை நீங்களே அளந்து, கேட்பு ரசீதில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். குடியிருக்கிற வீட்டைக் கடை என்று பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தத் தொகைக்குள் நூலக வரியும் உண்டு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்தக் காசுக்காகவாவது நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படியுங்கள்.

இதையெல்லாம் தனித்தனியாகச் செய்யப் போனால் ஆள் களைத்துப்போவான். தாலுகா கச்சேரியில் ஒரு கூலித் தொழிலாளி தனியாகப் போய் நின்றால், "நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்கு என்றால் இன்னொரு நாள் கூலி போயிற்று. ஆகவே சங்கக் கிளை ஒவ்வொன்றும் தன் தெருவின் சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதி, எதிரே அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது, யார் குடியிருக்கிறார், எத்தனை வருஷமாக என்று குறித்து வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

அந்த நோட்டோடு ஜமாபந்திக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, மே, ஜூன் வாக்கில், தாலுகா கச்சேரியில் ஊர் ஊராகக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்கள். அன்றைக்குக் கிராமக் கணக்கு முழுவதும் மேஜை மேல் இருக்கும், அதிகாரியும் இருப்பார். உங்கள் ஊருக்கு எந்தத் தேதி என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மனுவில் சர்வே எண்ணும் உட்பிரிவும் தவறாமல் இருக்கட்டும். ரசீதுகளின் நகலை இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். மனுவுக்கு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை யாரும் கச்சேரியை விட்டு வெளியே வரவேண்டாம்.