வேட்டைக்காரர் காட்டிய சக்கரவாகம்

அக்டோபர் கடைசி வாரம். ஒடிசாவில் சிலிகா ஏரியின் வட கரையில் இருக்கும் மங்களாஜோடி கிராமத்தை அடைந்தபோது காலை ஆறு மணி. தட்டையான மரப் படகு. மோட்டார் கிடையாது, சத்தத்துக்குப் பறவைகள் எழும்பிவிடும். மூங்கில் கழியை ஊன்றி நாணல்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகிறார் படகோட்டி. ஐம்பது வயதைத் தாண்டியவர்.

நான் பைனாகுலரைச் சரிசெய்வதற்குள் அவர் வெறுங்கண்ணால் எண்ணி முடித்துவிடுகிறார். சேற்றில் நீண்ட அலகை இறக்கி இரை தேடிக்கொண்டிருந்தன கருவால் மூக்கன்கள். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு வருபவை. "போன வாரம் இந்தக் கூட்டம் இல்லை, பாபு" என்றார் அரைகுறை இந்தியில்.

இந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. இளவயதில் வலை விரித்தவர், விஷம் வைத்தவர். எந்தப் பறவை எங்கே இறங்கும், எப்போது மேயும் என்பது அவருக்கு அன்று பிழைப்பு. பறவை வேட்டைக்கு எதிராக 1972இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மங்களாஜோடிக்கு வேட்டைக்காரர்களின் ஊர் என்றுதான் பெயர். சுமார் 2000ஆம் ஆண்டில்தான் ஊர்க்காரர்களே பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். பழைய வேட்டைக்காரர்கள் சிலர் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள்.

திடீரென்று கழியை நிறுத்தினார். "சக்வா." திட்டில் ஒரு ஜோடி, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. இரவில் துணையைப் பிரிந்து ஏங்கும் சக்கரவாகத்தைப் பற்றித் தமிழ் எம்.ஏ. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை. இது வாத்து இனம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. பிரிவுத் துயரைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ராத்திரியில் சேர்ந்துதான் மேயும், பாபு. அப்போதுதான் பிடிப்போம்" என்றார். உரையாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் சிலிகாவில் 11 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் இருந்தன. வேட்டை அடியோடு ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. படகோட்டிக்கு வருமானம் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். மீதி மாதங்களில் மீனும் கூலி வேலையும். ஒரு வாத்துக்குச் சந்தையில் என்ன கிடைக்கும் என்பது அவருக்கு இன்றும் அத்துப்படி. கேட்டதும் சொன்னார்.

கரையில் இறங்கியபோது மறுபடி வரச் சொல்லவில்லை. "நாலு பேரிடம் சொல்லுங்கள், பாபு" என்றார்.