மூன்று மணி நேரம் என்பது முழுக் கணக்கு அல்ல

"டெல்லி என்ன தூரம்? மூணு மணி நேரந்தானுங்களே!" என்று கடைவீதியில் இப்போது சர்வ சாதாரணமாகப் பேசுகிறோம். எந்தக் கணக்கையும் ஒரே வரியில் முடித்துக்கொள்வது வணிகர் வழக்கமல்ல. இதையும் சற்று விரித்துப் பார்ப்போம்.

நம் கோவைக்கு நேர் வடக்கே இருக்கிறது டெல்லி. வரைபடத்தில் கோடு போட்டால் சுமார் 1,940 கி.மீ. நேரடி விமானம் ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே பறப்பதால் மூன்று மணி நேரத்தில் இறக்கிவிடுகிறது. ரயிலோ ஈரோடு, சேலம், விஜயவாடா, நாக்பூர், போபால் என்று 2,600 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது. இரண்டு இரவு அதிலேயே கழிந்துவிடும்.

ஆனால் ஆர்.எஸ்.புரத்தில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். பீளமேடு போக ஒரு மணி நேரம். 2025 அக்டோபரில் திறந்த அவினாசி சாலை மேம்பாலத்தால் இது கொஞ்சம் குறையலாம். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். டெல்லியில் இறங்கி, பழைய டெல்லி காரி பாவ்லி சந்தைக்குப் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக, மூன்று மணி நேரம் ஏழரை மணி நேரமாகிறது. சென்னையிலோ மும்பையிலோ மாறிப் போனால் ஒரு பகல் முழுதும் போயிற்று.

அப்படியானால் போகவே வேண்டாமா? அதுவும் தவறு. இரண்டாண்டுகளுக்கு முன் டிக்கெட் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, போனில் வந்த படத்தை மட்டும் நம்பி வடக்கிலிருந்து பாதாம் பருப்பு 40 பெட்டி வரவழைத்தோம். பிரித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு உடைசல். திருப்பி அனுப்ப லாரி வாடகை கட்டாது. விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டோம். அந்த நஷ்டத்தில் ஒருவர் மூன்று முறை டெல்லி போய் வந்திருக்கலாம்.

நாம் பறந்தாலும் சரக்கு பறப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். 2021 முதல் இ-வே பில்லுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. 2,500 கி.மீ. சாலை என்றால் 13 நாள் அவகாசம். ஆகவே பண்டிகைச் சரக்குக்குக் கடைசி வாரத்தில் விமானம் ஏறிப் பயனில்லை. ஒரு மாதம் முன்பே போக வேண்டும்.

எங்கள் யோசனை இதுதான். ஒரே சரக்கு எடுக்கும் நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, சரக்கு பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்பி, செலவைப் பங்கிட்டுக் கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போதே ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிட்டால், வியாபாரப் பயணத்துக்கு அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

தூரம் குறைந்துவிட்டது உண்மை. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.