எந்தக் குளத்து ஆம்பல்?

சென்ற பருவத்தில் குறிஞ்சிப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தோம். கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்களில் செங்காந்தளுக்கு அடுத்து நிற்பது ஆம்பல். பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டுப் போவதால் பயனில்லை என்று எண்ணி, அவரவர் ஊரில் கண்ணுக்கு அகப்படும் மலர்களைப் படம்பிடித்து வருமாறு மாணவர்களைக் கேட்டிருந்தோம். ஒரு மாணவர் தம் கைப்பேசியை நீட்டினார். கன்னங்கரிய பின்னணி. நடுவே ஒரே ஒரு செந்நிறப் பூ. இதழின் நரம்புகூடத் தெரிகிறது. பத்திரிகை அட்டைக்குக் கொடுக்கலாம் போன்ற படம்.

"தாமரை சார்" என்றார்.

தாமரை அன்று, செவ்வாம்பல். அதைவிட நம்மை உறுத்தியது அடுத்த விடைதான். எந்தக் குளம் என்று கேட்டோம். "பைக்ல போகும்போது பாத்தேன் சார், ரோட்டோரத்துல. பேரு தெரியல." அவர் அந்தச் சாலையில் மூன்றாண்டுகளாகக் கல்லூரிக்கு வந்துகொண்டிருப்பவர்.

அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இன்று நமக்குக் காணக் கிடைக்கும் ஆம்பல் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பூ இருக்கிறது, நீர் இல்லை, இலை இல்லை, கரை இல்லை, ஊர் இல்லை. பின்னணியை மங்கச் செய்வது கலை நுட்பமாகக் கற்பிக்கப்படுகிறது. இப்போது கைப்பேசியே அதைத் தானாகச் செய்துவிடுகிறது. ரோஜாவுக்கு அது பொருந்தலாம். ஆம்பலின் அழகு அதன் இதழில் மட்டும் இல்லை என்பது நம் துணிபு. நீரை நீக்கி எடுத்த ஆம்பல் படம் ஆம்பலின் படமே அன்று.

இலையைப் படத்தில் விட்டுவைத்திருந்தால் அந்த மாணவருக்குத் தாமரை என்ற மயக்கம் வந்திருக்காது. தாமரையின் முதிர்ந்த இலை நீர்மட்டத்தை விட்டு எழுந்து குடைபோல் நிற்கும், காம்பு நடுவில் வந்து சேரும், இலை முழுவட்டம். ஆம்பல் இலையோ நீரோடு படிந்து கிடக்கும். விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு ஓடும். பூவின் நடுவிலும் வேறுபாடு உண்டு. தாமரைக்குப் பொகுட்டு மேடையிட்டு நிற்கும்; ஆம்பலுக்கு அது இல்லை. இவ்வளவு எளிய செய்தி, இருந்தும் முதுகலை முடித்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். (குவளை, நெய்தல், நீலம், கழுநீர் ஆகியவற்றுள் எது எந்தப் பூ என்பதில் உரையாசிரியர்களும் அகராதிகளும் தாவரவியலாரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்தத் தடுமாற்றம் மதிப்புக்குரியது. தாமரையும் ஆம்பலும் அப்படியல்ல.)

அடுத்தது பொழுது. வெள்ளாம்பலும் செவ்வாம்பலும் இரவுப் பூக்கள். மாலையில் அவிழத் தொடங்கி, மறுநாள் வெயில் ஏற ஏறக் கூம்பிவிடும். நிலவோடு ஆம்பலைச் சேர்த்துப் பாடியவர்கள் கற்பனைக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை, பார்த்ததைச் சொன்னார்கள். பத்து மணிக்குச் சாவகாசமாகக் காரில் வந்து இறங்கி, 'பூவெல்லாம் மூடிக் கிடக்கிறதே' என்று சலித்துக்கொள்வோரை நாம் குளத்தங்கரையில் கண்டிருக்கிறோம். நீல நிறத்தது பகலில் விரியும். அவர்கள் தேடி வந்தது அதுவாயிருந்தால் சலிப்புக்கு இடமில்லை. பொழுதை அறியாமல் பூவை அறிய முடியாது. முதற்பொருள் என்று நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வைத்த மரபுக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.

நமக்கும் படம்பிடிக்கும் ஆசை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளக்கரைகளில் விடியலுக்கு முன்பே போய் நிற்கும் பழக்கம். முதலில் இரவல் கேமரா, பிறகு சொந்தமாக ஒன்று. வெள்ளாம்பலை உச்சி வெயிலில் எடுத்தால் இதழ்கள் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்துப்போகும் என்பதையும், செவ்வாம்பலின் சிவப்பை எண்ணியல் கருவி மிகையாக்கிக் கட்டிவண்ணமாக அப்பிவிடும் என்பதையும் பல படங்களைப் பாழாக்கிய பின்பே கற்றோம். நீரின் பளபளப்பை அடக்க ஒரு கண்ணாடி விற்கிறார்கள், வாங்கி மாட்டினோம். பளபளப்பு போயிற்று, வானமும் போயிற்று! குளத்தில் விழுந்து கிடக்கும் வேளிமலையும் தென்னைகளும் போயின. அன்றே கழற்றிப் பையில் போட்டோம். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

நம் பழம்புலவர்கள் ஆம்பலைத் தனியே பிடுங்கி எடுத்துக் காட்டியவர்கள் அல்லர். புறநானூற்றின் 248ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்த பெண் ஒருத்தி சிறிய வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அவள் இடையில் தழையுடையாய் இருந்தது அது. இன்று அவன் இல்லை. உண்ணும் வேளை தவறி உண்ணும் கைம்மை உணவாய் இருப்பதும் அதே ஆம்பல், அதன் வித்து. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் ஒரு நீர்ச்செடியில் வந்து அடங்குகிறது. பூவின் நிறத்தைப் பற்றிப் புலவர் சொல்வது 'வெள்ளை' என்ற ஒரு சொல்தான்.

அந்த வித்து எங்கே இருக்கிறது? கருவுற்ற பூ நீருக்கு மேலே நிற்பதில்லை. காம்பு வளைந்து அதை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. காய் நீருக்கடியில் முற்றி உடைகிறது. விதைகள் சிறிது நேரம் மிதந்து, பின் அமிழ்ந்து சேற்றைச் சேர்கின்றன. நம் இத்தனை ஆண்டுப் படங்களில் ஆம்பற்காயின் படம் ஒன்றுகூட இல்லை என்பதை 248ஆம் பாடலை நடத்திய ஒரு நாளில்தான் உணர்ந்தோம். வெட்கமாக இருந்தது. பசித்தவர்கள் கண்ட ஆம்பல் வேறு, நாம் கண்ட ஆம்பல் வேறு.

நீர்மலர் என்றதும் கலை நண்பர்கள் குளோத் மோனேயைச் சொல்வார்கள். கிவெர்னியில் அவர் தோட்டத்துக் குளத்தை 1893இல் வெட்டத் தொடங்கியபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். அயல்நாட்டுச் செடிகள் ஓடைநீரைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அங்கே மலருக்காகக் குளம் வெட்டப்பட்டது. நாஞ்சில் நாட்டில் நெல்லுக்காகக் குளம் வெட்டினார்கள். மலர் தானே வந்து குடியேறியது. விளைச்சலையே 'பூ' என்று அழைத்த நாடு இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம். மழையும் பழையாற்று நீரும், 1906இல் பேச்சிப்பாறை அணை வந்த பிறகு கோதையாற்று நீரும் குளங்களில் தேங்கி, மடை வழியே வயலுக்கு இறங்கின. மடை திறந்தால் நீர் தாழும், ஆம்பல் இலைகள் சேற்றில் ஒட்டிக்கிடக்கும். மறுகால் பாயும் நாளில் காம்புகள் நீண்டு இலைகள் மேலே வந்துவிடும். வேளாண்மையின் நாட்காட்டி ஆம்பற்காம்பின் நீளத்தில் எழுதப்பட்டிருந்தது எனலாம். மோனேயின் ஓவியங்களில், குறிப்பாகப் பாரிசின் ஒராஞ்சரி மண்டபத்தில் 1927இல் திறந்துவைக்கப்பட்ட பெரும் படங்களில், தனிப்பூவைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். நீரும் வானும் பொழுதும்தான் அங்கே நிறைந்திருக்கின்றன. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லும் படக்காரர்கள் இதை மட்டும் பின்பற்றுவதில்லை.

படம் தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இலங்கையில் நடந்தது நல்ல சான்று. 1986இல் அந்நாடு நீலாம்பலைத் தேசிய மலராக அறிவித்தது. சிங்களத்தில் 'நில் மானெல்'. ஆனால் அப்பெயரோடு பரவலாக அச்சிடப்பட்ட படங்களில் இருந்தது ஊதா நிறம் தூக்கலான வேறொரு மலர், அயல் வழி வந்த கலப்பினம் என்று பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் பின்னாளில் எடுத்துக்காட்டினார்கள். கவர்ச்சியான படம் அசல் மலரின் பெயரைப் பறித்துக்கொண்டது. மக்கள் படத்தில் கண்ட மலரையே வளர்த்தார்கள், அதுவே நீர்நிலைகளில் பரவியது. முதலில் படம் பொய்த்தது, பிறகு குளமும் பொய்த்தது.

அண்டையில் கோட்டயத்தை அடுத்த மலரிக்கல்லில் கதை வேறு. நெல் அறுத்து நீர் நிறுத்திய வயல்களில் இளஞ்சிவப்பு ஆம்பல் கண்ணெட்டும் தொலைவு பூக்கிறது. சில ஆண்டுகளாகப் படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். படகு விடுவதில் ஊராருக்கு வருமானம். உழவு தொடங்கும்போது ஆம்பல் அகற்றப்பட்டு மீண்டும் நெல் வரும். அங்கும் பூவைக் கொத்தாகப் பறித்துக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; அது நமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் இன்ன ஊர், இன்ன வயல், இன்ன மாதம் என்று படத்தோடு சேர்ந்து செய்தியும் பயணம் செய்கிறதே, அதற்காக வணங்கலாம்.

இங்கே நிலை என்ன? 2022இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. தேரூர் கவிமணி பிறந்த மண் என்பதால் நமக்கு இரட்டை மகிழ்ச்சி. ஆனால் பட்டியலில் ஏறியவை சில. பெயரே ஏட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும் குளங்கள் ஏராளம். மனைகள் ஆனவை உண்டு. ஆகாயத்தாமரை மூடி மூச்சடைத்தவை உண்டு. நான்குவழிச் சாலை குளங்களின் ஊடாகவே மண்மேடிட்டுச் செல்கிறது. தாமரைக்காவது தோவாளைச் சந்தை இருக்கிறது, குத்தகைக்கு எடுப்பார் இருக்கிறார்கள். ஆம்பலை விலை கேட்பார் இல்லை. களையென்று அரித்துக் கரையில் எறிகிறார்கள். அதன் மிதக்கும் இலையின்மேல் முட்டையிடும் நீளவால் இலைக்கோழிக்கு ஆம்பல் களையா வீடா என்று யார் கேட்பது? ஆண்பறவைதான் அடைகாக்கும். பூவை நெருங்கி எடுக்கவேண்டி இடுப்பளவு நீரில் இறங்குபவர்களும், தலைக்குமேல் டிரோன் பறக்கவிடுபவர்களும் அந்தத் தந்தையைக் கூட்டிலிருந்து எழுப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்நிலையில் ஓர் ஆம்பல் படம் சாட்சியாக நிற்க முடியும். இன்ன குளத்தில் இன்ன நாளில் இவ்வளவு நீர் இருந்தது, அந்நீரில் இது பூத்திருந்தது என்று அது சொல்ல முடியும். கரும்பின்னணிப் படம் எதையும் சொல்லாது. மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்புவெள்ளையில் எடுத்த விலங்குப் படங்களில் காடும் சேர்ந்தே இருக்கும். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் அவருடைய தமிழைப் படித்தவர்களுக்கு, அந்தக் கண்ணும் அந்த எழுத்தும் ஒன்றே என்பது விளங்கும். சூழலைத் தள்ளிவிட்டு உயிரை மட்டும் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை.

நண்பர் ஒருவர், கவிஞர், இதை ஏற்கவில்லை. "அழகைப் பார்த்து நின்றவனிடம் சர்வே எண் கேட்கிறீர்கள். எல்லாப் பூவும் ஆவணமாகிவிட்டால் பூவாக இருப்பது எது?" என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. அந்த மாணவர் பைக்கை நிறுத்தினாரே, அதுவே பெரிது. ஆயிரம் பேர் நிறுத்தாமல் போன சாலை அது. அந்த ஒரு கணத்து மயக்கத்தை நம் பாடத்திட்டத்தால் கொடுக்க முடியவில்லை, அந்தப் பூவால் முடிந்தது. அதை மறுக்கவில்லை. மயங்கி நின்றவர் இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றிருக்கலாம் என்பதே நம் வழக்கு. நண்பருக்கு இது நிறைவளிக்கவில்லை. பேச்சு தேநீர்க்கடையில் பாதியில் நிற்கிறது.

மாணவர் மறுவாரம் விடியற்காலையில் அந்த இடத்துக்கே போயிருக்கிறார். கரையில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெரியவர், "பூவப் படம் எடுக்கியளே மக்கா, கொளத்துக்குப் பேரு என்னன்னு ஒருத்தனும் கேக்கல்லியே" என்றாராம். கேட்டதும் இரண்டு பெயர் சொல்லியிருக்கிறார். ஊரார் சொல்வது ஒன்று, பத்திரத்தில் இருப்பது ஒன்று. வழக்கு நடப்பதாகத் தெரிவதால் இரண்டையும் இங்கே எழுதவில்லை.

புதிய படத்தை அவர் காட்டினார். அகலமான படம். வலப்புறம் பாதிக் குளம்வரை செம்மண் கொட்டிக் கிடக்கிறது, அதன்மேல் லாரிச் சக்கரத்தின் தடம். இடப்புறம் மறுகாலும் ஒரு பனையும். நடுவே மிஞ்சிய நீரில் ஆம்பல்கள் சிவப்புப் புள்ளிகளாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தோம், பதினேழு. கீழே குளத்தின் பெயர், தேதி, காலை 6.40 என்று எழுதியிருந்தார்.

"படம் அவ்வளவு நல்லா வரல சார்" என்றார்.

துறைச் சுவரில், காந்தளுக்குப் பக்கத்தில் அதை ஒட்டியிருக்கிறோம்.