வளர்த்த கணக்கை யார் தீர்ப்பது?

ஒரு நாட்டில் பயிற்சி பெற்ற பையன் இன்னொரு நாட்டின் கிளப்பில் முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரனாகப் பதிவானால், 12 வயதிலிருந்து அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை தர வேண்டும். இது ஃபிஃபாவின் விதி. அதே விதித்தொகுப்பின் 20ஆம் பிரிவு, பெண்கள் கால்பந்துக்கு இது பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது.

பெண்களின் நன்மைக்காகத்தானாம். சம்பளமே சொற்பமான ஆட்டத்தில் ஈட்டுத்தொகையும் கேட்டால் எந்தக் கிளப்பும் அவளை எடுக்காது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஒரு பெண்ணுக்கு விலை வைத்து அவளை முடக்கும் விதியை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் விதியை நீக்கியவர்கள் செலவை நீக்கவில்லையே! மைதான வாடகை, பயிற்சியாளர் சம்பளம், பூட்ஸ், பயணம், காயத்துக்கு வைத்தியம் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. திரும்பி வராத பணத்தைக் கிளப் போடாது. குடும்பம் போடுகிறது. அமெரிக்காவில் பெற்றோர் கட்டணம் கட்டினால்தான் பெரும்பாலான இளையோர் கிளப்புகளில் ஆட முடியும். இல்லாத வீட்டுப் பெண் திறமையைக் காட்டும் முன்பே கழித்துக்கட்டப்படுகிறாள். விடியலில் சோறு கட்டி, சேறு படிந்த சீருடையைத் துவைத்து, மைதான ஓரத்தில் காத்திருக்கும் அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாற்றுத்தொகையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்குப் போகும் விதி பெண்களுக்கும் உண்டே என்பார்கள். பெண்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறுகியவை. அவை முடிந்ததும் தொகை இல்லாமலே கிளப் மாறுகிறார்கள். சுழியத்தில் 5 சதவீதம் சுழியம்தான். பிரிட்டனில் ஓர் ஆணுக்கு 10 லட்சம் பவுண்ட் கொடுக்கப்பட்டது 1979இல். பெண்கள் கால்பந்தில் ஒருவருக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டிக் கொடுக்கப்பட்டது 2025 ஜனவரியில்தான். நவோமி கிர்மாவுக்காகச் செல்சி அதைக் கொடுத்தது.

சந்தை சிறியது, என்ன செய்வது என்று கையை விரிப்பவர்களைக் கேட்கிறேன்: சிறிதாக்கியது யார்? 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவை மூடியே கிடந்தன. கதவைச் சாத்தியவர்களே இன்று கூட்டம் இல்லை என்கிறார்கள்.

பெண்ணைக் கட்டிப்போடாமல் கடனைத் தீர்க்க வழி இருக்கிறது. வாங்கும் கிளப் தர வேண்டாம், ஃபிஃபா தரட்டும். உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பும் கிளப்புகளுக்கு அது நேரடியாகவே பணம் தருகிறது. 2022 ஆண்கள் கோப்பைக்கு 20.9 கோடி டாலர் ஒதுக்கியது. 2023 பெண்கள் கோப்பைக்கு 1.13 கோடி. இந்தப் பள்ளத்தை முதலில் நிரப்புங்கள். அதோடு, பெண் குழந்தைகளைப் பயிற்றுவிக்கும் சின்னக் கிளப்புகளுக்கு, அவர்களில் யாரும் உலகக் கோப்பைக்குப் போகும்வரை காத்திராமல், ஆண்டுதோறும் பங்கு கொடுங்கள்.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல, பாக்கி.