அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டுங்கள். 34 வருடம் வகுப்பில் நின்றவன், தாங்குவேன்.

என் மனைவி இறந்து நேற்றோடு ஐந்து மாதம். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆட்கள். கைதட்டிப் பாடும் துதிப் பாட்டில் ஆரம்பித்தார்கள். இரண்டாவது பாட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: “சார், நீங்களே அழலாமா? அவங்க மகிமைக்குப் போயிட்டாங்க, சந்தோஷப்படணும்.” அடுத்துப் பேசியவர், கிறிஸ்தவ வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அது விசுவாசக் குறைவு என்றே சொல்லிவிட்டார். என் கொழுந்தியாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கூடப் பிறந்த அக்காவுக்காக அழ அவளுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

இது தப்பு. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

அவர்கள் காட்டும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. என்னிடம் இலக்கணம் படித்தவர்கள் எடுத்துப் பாருங்கள். அதில் ‘போல’ என்ற உவம உருபு இருக்கிறதா, இல்லையா? நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுவதுபோல வேண்டாம் என்கிறார் பவுல். துக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. “அவனைப் போல ஓடாதே” என்றால் ஓடவே கூடாது என்றா அர்த்தம்? ஓர் உவம உருபை விழுங்கிவிட்டு ஒரு குடும்பத்தின் வாயை அடைக்கிறார்கள்.

லாசரு கல்லறையில் நாலாம் நாள். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். அவருக்கா விசுவாசம் குறைவு? சிலுவையில் தொங்கியபடி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டாரே, அது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதை யாரும் கிழித்து எறியவில்லை.

எருசலேம் இடிந்தபோது பிறந்தது புலம்பல் புத்தகம். ஐந்து அதிகாரத்தில் முதல் நான்கும் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. நெஞ்சு வெடித்து அழுகிறவர்களுக்கு அந்த அழுகையையே ஒழுங்காக்கி வழிபாடாகக் கொடுத்திருக்கிறார்கள். யூதர்கள் இன்றும் வருடத்துக்கு ஒரு நாள் உபவாசம் இருந்து அதை வாசிக்கிறார்கள். நாமோ மாரடித்து அழுத நம் அப்பத்தாக்களின் ஒப்பாரியை அஞ்ஞானம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டோம். நம் அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, ‘பரட்டை’ என்று நாம் அறிந்தவர், கிராமத்து இசையில் வழிபாடு அமைத்துக் காட்டினார். கிராமத்து இசை கோயிலுக்குள் வரலாம், கிராமத்து அழுகை மட்டும் வரக்கூடாதா?

உயிர்த்தெழுதல் நம்பிக்கை எனக்கும் உண்டு. அது இல்லையென்றால் அவளை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்பியிருக்க மாட்டேன். ஆனால் நம்பிக்கை வேறு, நடிப்பு வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலூர்ப் பக்கம் வேலை பார்த்த நாளில், அப்பாவைப் பறிகொடுத்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் விசும்பினான். “அழாதே, ஜெபம் பண்ணு, கணக்கைப் போடு” என்றேன். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கைப் போட்டான். விடை சரியாக இருந்தது. அன்றைக்கு என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். தம்பி, இதை நீ படித்தால், இந்த சாரை மன்னித்துவிடு. அழுகையும் ஜெபம்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போதகராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துக்க வீட்டில் முதலில் ஒரு புலம்பல் சங்கீதத்தை வாசியுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அழுகிறவர்கள் அழட்டும். துதிப் பாட்டு தானாக வரும்போது வரட்டும்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் ஆறாம் மாத ஜெபம். 88ஆம் சங்கீதத்தை நானே வாசிக்கப் போகிறேன். கொழுந்தியாளை முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்