கை நடுங்குபவர் கையில் செல்போன்

ரேஷன், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று எதற்குப் போனாலும் இன்று செல்போனைத்தான் முதலில் கேட்கிறார்கள். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் சித்தூர் தாலுகாவிலும் வாழும் தமிழ்த் தொழிலாளரில் பக்கவாதத்தால் கை விழுந்தவரும், இயந்திரத்தில் விரல் இழந்தவரும் என்ன செய்வது? வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். நடுங்கும் விரல் அதற்குள் தட்டி முடிப்பதில்லை. அக்ஷயா மையத்திலோ பக்கத்து வீட்டிலோ போனை நீட்ட வேண்டியதாகிறது. பிறகு ரகசிய எண்ணில் ரகசியம் ஏது?

இந்நிலையில் 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஆசிட் வீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டிக் காட்டினால்தான் கே.ஒய்.சி. என்றால், சிமிட்ட இயலாதவர் எங்கே போவார் என்பதே கேள்வி. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், டிஜிட்டல் வசதியைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி 20 உத்தரவுகள் பிறப்பித்தனர். காகித முறை கே.ஒய்.சி. தொடர வேண்டும், கைநாட்டின் படத்தையும் ஏற்க வேண்டும் என்பவை அவற்றில் சில. வழக்கு கண்ணைப் பற்றியதுதான். ஆனால் கையெழுத்திட இயலாதவருக்கும் இது பிடிமானம். வங்கியில் தயங்காமல் கேட்கலாம்.

போனிலேயே சில வசதிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'அக்செசிபிலிட்டி' பகுதியில், விரலை எவ்வளவு நேரம் அழுத்தினால் 'நீண்ட அழுத்தம்' என்று போன் கொள்ள வேண்டும் என்பதைக் கூட்டி வைக்கலாம். விரல் சட்டென்று எடுபடாதவருக்கு இது பெரிய உதவி. 'ஸ்விட்ச் ஆக்சஸ்' முறையில் திரையிலுள்ளவை ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். இதற்காகக் காசு கொடுத்து வேறு போன் வாங்க வேண்டியதில்லை.

குரலால் போனை இயக்கும் 'வாய்ஸ் ஆக்சஸ்' 2018-ல் வந்தபோது ஆங்கிலக் கட்டளைக்கு மட்டுமே பணிந்தது. அதற்கு முந்திய ஆண்டே, தமிழில் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியைக் கூகுள் தந்திருந்தது. ஆக, தமிழில் கடிதம் சொல்லலாம். 'திற', 'அழுத்து' என்று அன்று ஏவ முடியவில்லை! கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். அந்த மனுவை அனுப்பும் பொத்தானுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது வேடிக்கைதான்.

சக்கர நாற்காலி வழங்கும் முகாம்களில் ஒரு மேசை போட்டு, இந்த வசதிகளைப் போனில் அமைத்துத் தர அதிக நேரம் பிடிக்காது. தோட்டத் தொழிற்சங்கங்கள் அடுத்த மனுவில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாம்.