இணையமும் எழுத்துப் பயிற்சியும்

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலர்க்கு முதலில் இடர் தருவது எழுத்தேயாகும். பள்ளியில் வினாவுக்கு விடை எழுதினால் போதும். அவ்விடை பாடநூலிலேயே இருக்கும். கல்லூரியிலோ ஒரு பொருளைக் கொடுத்து, ஆராய்ந்து நான்கு பக்கம் எழுதுக என்பர். எழுத வேண்டியது எந்த நூலிலும் அப்படியே இராது. பலவற்றைப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தன் கருத்து இன்னதெனத் துணிந்து, அதற்குச் சான்றும் காட்டல் வேண்டும். நல்ல நூலகம் உள்ள ஊரிற் பிறந்தவர்க்கும், கற்ற பெற்றோர் வாய்த்தவர்க்கும் இப்பணியில் துணை உண்டு. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்க்கு அத்தகைய துணை யாது? இணையமே என்பது என் விடை. ஆயினும், அத்துணையைப் பெரும்பாலோர் தலைகீழாகப் பயன்படுத்துகின்றனர் என்பதும் என் கருத்து.

இணையத்தில் நமக்காகக் காத்திருக்கும் செல்வம் சிறிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை நாம் அறிவோம். இன்று அந்நூலைக் காண எவரும் வீட்டைவிட்டு எழ வேண்டுவதில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கப் பெற்றது மதுரைத் திட்டம். உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழைய நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புத் திருத்தி, விலையின்றி யாவர்க்கும் வழங்கி வருகின்றனர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் என்னும் திட்டம் அவ்வாறே காத்து வருகிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் இணையத்திற் காணலாம்.

பிற நாட்டார் செய்துள்ள ஒன்றையும் இங்குக் கூறுதல் தகும். அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு 1976-ஆம் ஆண்டில் எழுத்துக்கூடம் ஒன்றை நிறுவினர். கட்டுரை எழுதத் தடுமாறும் மாணவர் தம் வரைவோடு அங்குச் செல்வர். பயிற்றுநர் அருகமர்ந்து வினவுவர். ஆனால் எழுதித் தாரார். அக்கூடத்தின் பாடக் குறிப்புகளை 1994 முதல் இணையத்தில் வைத்தனர். கருத்தை ஒரு வாக்கியத்தில் நிறுவுவது எங்ஙனம், பத்தி பிரிப்பது எங்ஙனம், பிறர் நூலைச் சுட்டுவது எங்ஙனம் என்பனவெல்லாம் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலத்திற் கட்டுரை எழுத நேரும் நம் மாணவர்க்கும் அவை பயன்படும். தமிழில் இதற்கு நிகரான முழுமையான எழுத்துக்கூடம் ஒன்று வேண்டும் என்று நான் கருதுகிறேன். தமிழ் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்க, அவை கூடிச் செய்தால் இயலாத செயலன்று.

இனிப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். தலைப்பைக் கேட்டவுடன் திரையைத் திறப்பதே முதற் பிழை. பிறர் கட்டுரையை முதலிற் படித்தவர்க்கு அதன் போக்கை விட்டு வெளிவருதல் அரிது. தாளும் எழுதுகோலும் கொண்டு, தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒருவன் முதலிற் குறித்துக் கொள்ளட்டும். தெரியாதவற்றைத் தேடுதற்கே இணையம். விக்கிப்பீடியாவையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும். அதன் கட்டுரைகளைவிட, அக்கட்டுரைகளின் அடியில் சுட்டப்பட்ட நூல்களே கல்லூரி மாணவர்க்குப் பெரும் பயன் தருவன.

அகராதியின் பயன் பலர் எண்ணுவதினும் பெரிது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1936-ஆம் ஆண்டில் நிறைவுற்றன. அது இன்று இணையத்தில் உள்ளது. 'வேளாண்மை' என்னும் சொல்லை அதிற் பார்ப்பவர் பயிர்த்தொழிலை மட்டும் காணார். கொடை, உதவி என்னும் பொருள்களையும், அவை வழங்கும் இடங்களையும் காண்பர். உழவைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த மாணவனுக்கு, உழவும் ஈகையும் ஒரு சொல்லில் உறைந்தது எவ்வாறு என்னும் வினா அங்கே எழும். நல்ல கட்டுரைக்கு அவ்வொரு வினா போதும்.

சொற்பிழையும் சந்திப்பிழையும் காட்டும் கருவிகள் தமிழிலும் வந்துள்ளன. வாணி, நாவி என்பன அத்தகையவை. அவற்றைக் கட்டுரை முடிந்த பின்னரே நாடுக. அவை காட்டும் திருத்தத்தையும் ஆராய்ந்தே கொள்க. 'வேலை கொடு' என்றால் பணி தா என்று பொருள். 'வேலைக் கொடு' என்றால் கையிலுள்ள வேலைத் தா என்று பொருள். இவ்விரண்டும் பிழையற்றவை. எழுதியவன் கருதியது எது என்பதை எழுதியவனே அறிவான்.

இன்னும் ஒரு பழைய கருவி உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்துள்ளார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பன அவற்றுட் சில. எழுதி முடித்த கட்டுரையை ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் வாய்விட்டுப் படித்து, இப்பத்துள் எது எங்கே உள்ளது என்று கோடிட்டுப் பார்த்தால், எந்தப் பொறியும் காட்டாத குறைகள் வெளிப்படும். தொடக்கத்தில் ஆற்றல் மிக்கு முடிவில் மெலியும் கட்டுரைகளே மாணவரிடம் மிகுதி. சென்று தேய்ந்து இறுதல் என்பது அதுவே.

பிறர் கருத்தைத் தனதாக்கிக் கொள்ளுதல் நம் மரபுக்கு ஒவ்வாதது. தொல்காப்பியர் முன்னோர் கூற்றை 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்தே செல்கிறார். இக்காலத்தில் சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து காணப்படின் அம்மாணவரின் பதிவே நீக்கப்படும். தண்டனைக்கு அஞ்சுவதைவிட, ஒரு வாக்கியத்தைத் தன் சொல்லால் எழுதிப் பார்க்கும்போதுதான் அது விளங்கிற்றா இல்லையா என்பது தெரியும் என்பதை எண்ணுதல் நன்று.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரையை முழுதும் எழுதித் தரும் பொறிகள் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. இவற்றை அறவே விலக்குக என்று கூறுவார் உளர். நான் அங்ஙனம் கூறேன். தான் எழுதிய கட்டுரையைக் காட்டி, இதில் எவ்விடம் விளங்கவில்லை, இக்கருத்தை மறுப்பவர் யாது கூறுவர் என்று கேட்கலாம். பர்டியூ எழுத்துக்கூடத்துப் பயிற்றுநரைப் போல வினவ வைக்கலாமேயன்றி எழுத வைத்தல் ஆகாது. எண்ணங்களை வரிசைப்படுத்தும் உழைப்பிலேதான் சிந்தனை பிறக்கிறது. அவ்வுழைப்பைப் பொறிக்கு விட்டவன் மதிப்பெண் பெறலாம், எழுதக் கல்லான். மேலும், இப்பொறிகள் இல்லாத நூலை உள்ளதுபோற் கூறுவதும் உண்டு. ஆதலின், அவை சுட்டும் ஒவ்வொரு நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் நூலகப் பட்டியலில் தேடிக் கண்டு, அந்நூலையும் திறந்து பார்த்த பின்னரே கட்டுரையிற் சேர்த்தல் வேண்டும்.